-1 வந்தால்?

"சார், -1 வந்தா என்ன பண்றது?"

புதிதாகச் சேர்ந்த பொறியாளர் கோட் ரிவ்யூவில் கேட்ட கேள்வி. நான் சொன்ன பதில் இன்னும் உறுத்துகிறது.

பாட்டை நிறுத்தும்போது எப்போதாவது போர்டு உறைந்துவிடும். ஒற்றை கோர் போர்டில் ஒருநாளும் வராது, நான்கு கோரில் மட்டும். எங்கள் லினக்ஸ் ஒலி டிரைவருக்குச் சொந்த இன்டரப்ட், அதாவது வன்பொருள் தரும் அழைப்பு, இல்லை. 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எச்ஆர்டைமரின் (கெர்னலின் நுண்ணிய டைமர்) கால்பேக், அதாவது நேரம் வந்ததும் ஓடும் எங்கள் ஃபங்ஷன், வந்து, பீரியட் (ஒலியின் ஒரு துண்டு) முடிந்தது என்று லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவுக்குச் சொல்லும். அப்படிச் சொல்ல ஸ்ட்ரீம் லாக் வேண்டும்; அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்கலாம். நிறுத்தும்போது அல்சா அதே லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் டிரிகரை (ஓட்டத்தைத் தொடங்கி நிறுத்தும் ஃபங்ஷன்) அழைக்கிறது. டிரிகருக்குள் நாங்கள் எச்ஆர்டைமர் கேன்சலை எழுதியிருந்தோம். அது கால்பேக் முடியட்டும் என்று காத்திருக்கும். கால்பேக் இன்னொரு கோரில் லாக் கிடைக்கட்டும் என்று காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு ஒரு லாக்காகத் தெரியாததால், லாக் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவியான லாக்டெப்பும் எச்சரிக்கவில்லை.

கேன்சலை எடுத்துவிட்டு 'ட்ரை டு கேன்சல்' போட்டேன். அது காத்திருக்காது. கால்பேக் ஓடிக்கொண்டிருந்தால் -1 தந்துவிட்டுத் திரும்பிவிடும். கூடவே, ஓட்டம் நின்றது என்று சொல்ல ஒரு ஃப்ளாக்.

"ஃப்ளாக் இருக்கேம்மா, கால்பேக் அதைப் பார்த்து தானே நின்னுடும்" என்றேன். தவறான பதில் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. அந்த -1-க்கு அப்புறம் உடனே ஸ்ட்ரீமை மூடி நினைவகத்தை விடுவித்தால், இன்னும் முடியாத கால்பேக் எதைத் தொடும்? அவர் அதைச் சொல்லத் தொடங்கினார். "இப்போதைக்கு இது போதும்" என்று முடித்துவிட்டேன்.

மறுநாள் ரிலீஸ். கால்பேக் முடியும்வரை காத்திருக்கவென்றே பிந்தைய கெர்னலில் வந்த சிங்க்-ஸ்டாப் எங்கள் 4.19-இல் இல்லை. நினைவகத்தை விடுவிக்கும் ஹெச்டபிள்யூ ஃப்ரீயிலும், மறுபடி ஓடத் தயார்செய்யும் பிரிப்பேரிலும் நாங்களே கேன்சல் எழுதியிருக்க வேண்டும். மூன்று இரவுகள் ஸ்கிரிப்ட் விடாமல் ஓட்டி நிறுத்தியும் போர்டு உறையவில்லை. அந்த இடைவெளியும் மிகச் சிறியது. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. அரை நாள் வேலை.

சில வாரங்கள் கழித்து, ஒரு போர்டில் நினைவகம் சிதைந்ததாகப் புகார் வந்தது. ஒலி டிரைவரைக் குற்றம் சொல்ல பதிவுக் கோப்பில் எதுவும் இல்லை. அன்றே அந்த இரண்டு இடங்களிலும் கேன்சலை எழுதினேன். அங்கே ஸ்ட்ரீம் லாக் கையில் இல்லை, நிம்மதியாகக் காத்திருக்கலாம். புகார் மறுபடி வரவில்லை. ஆனால் அதே வெளியீட்டில் வேறு பல மாற்றங்களும் போயின. எது சரிசெய்தது என்று என்னால் சொல்ல முடியாது. டிரைவரைப் பொறுத்தவரை அதோடு விட்டுவிடலாம்.

போன வாரம் வேறொரு டைமர் பேட்ச் அனுப்பினேன். அதிலும் ஒரு -1-ஐக் கவனிக்காமல் விட்டிருந்தேன், அனுப்பியபிறகுதான் கண்ணில் பட்டது. அவர் கேட்பார் என்று மாலைவரை திருத்தாமல் காத்திருந்தேன். "சரி சார்" என்று மட்டும் எழுதி ஒப்புதல் தந்திருந்தார்.