எங்கள் வலை வடிவமைப்புத் தொழிலைக் கூட்டாண்மை நிறுவனமாகப் பதிவு செய்த அனுபவம்

நானும் என் கணவரும் கோத்தகிரியில், வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தபடி வலைத்தளங்களை வடிவமைத்துக் கொடுத்து வருகிறோம். வரைவதும், எழுத்துருக்களைத் தேர்வதும், பக்க அமைப்பும் என் பொறுப்பு. நிரல் எழுதுவதும் சர்வரைப் பராமரிப்பதும் அவருடையது. ஹோம்ஸ்டே நடத்துவோர், தேயிலைத் தூளும் யூகலிப்டஸ் தைலமும் நேரடியாக விற்போர், பேக்கரி வைத்திருப்போர் என்று வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இந்த மலையைச் சேர்ந்தவர்கள்தாம். உழைப்பு இருவருடையது என்றாலும், வங்கிக் கணக்கு முதல் இன்வாய்ஸ் வரை எல்லாம் அவர் ஒருவர் பெயரில்தான் இருந்தன. அதை மாற்றிய விதத்தை, இணைந்து தொழில் செய்யும் மற்றத் தம்பதியருக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, கூட்டு விண்ணப்பதாரரான என்னிடமும் வருமானச் சான்று கேட்டார்கள். இத்தனை ஆண்டுகள் வேலை செய்தும் எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. கணவர் எனக்குச் சம்பளம் கொடுப்பதாகக் கணக்கெழுதலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் கணவரின் தொழிலிலிருந்து மனைவி பெறும் சம்பளம் முழுக்க முழுக்க அவளுடைய தொழில்நுட்பத் தகுதியாலும் அனுபவத்தாலும் ஈட்டப்பட்டது என்று காட்ட முடியாவிட்டால், அது கணவரின் வருமானத்தோடு சேர்த்தே வரி கணக்கிடப்படும். எனக்கு அந்தத் தகுதி உண்டு. இருந்தும், பாதித் தொழிலைச் சுமக்கும் ஒருத்தி சம்பளக்காரியாகப் பதிவாவதில் எனக்கு உடன்பாடில்லை.

குன்னூரில் உள்ள ஆடிட்டர் ஒருவரிடம் போனோம். "சேர்ந்துதான் செய்யறீங்க, சரிங்கம்மா. ஆனா பத்திரம் இல்லாம அதை யாருகிட்டயும் காட்ட முடியாதுங்க" என்றவர், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். கூட்டாண்மை ஒப்பந்தத்தால் உண்டாகிறதே தவிர உறவுநிலையால் உண்டாவதில்லை என்று சொல்லும் அந்தப் பிரிவு, அதற்கு எடுத்துக்காட்டாக, கணவன் மனைவி என்ற முறையிலேயே தொழில் நடத்தும் பர்மிய பௌத்தத் தம்பதியர் பங்குதாரர் ஆகமாட்டார்கள் என்று குறிப்பிடுகிறது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைந்திருந்ததால் வந்த வரி அது. எத்தனை ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தாலும் திருமணம் மட்டும் ஒருவரைப் பங்குதாரர் ஆக்கிவிடாது என்பது அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவானது.

எல்.எல்.பி. எனப்படும் வரம்புக்குட்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை முறையையும் யோசித்துப் பார்த்தோம். அதில் பொறுப்பு வரம்புக்கு உட்பட்டது என்றாலும், வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் மே 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் தனித்தனிப் படிவங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். சாதாரணக் கூட்டாண்மையில் அந்தச் சுமை இல்லை. மாறாக, நிறுவனத்தின் கடனுக்கு எங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். கடன் வாங்காமல் நடத்தும் தொழில் என்பதால் சாதாரணக் கூட்டாண்மையையே தேர்ந்தெடுத்தோம்.

அதிக நேரம் எடுத்தது பத்திரம் எழுதுவதுதான். கடைகளில் கிடைக்கும் மாதிரிப் பத்திரம் வடிவமைப்புத் தொழிலுக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பேக்கரிக்காக நான் வரைந்த லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியின் அடுக்கடுக்கான ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, உதிரப் போவதுபோல் ஒரு முனையை மட்டும் விலக்கி வைத்திருந்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் உரிமை கைமாறும். அப்படி மாற்றும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆகவே, நிறுவனப் பணிக்காக நாங்கள் வரைவதும் எழுதுவதும் முழுக் காலத்துக்கும் உலகம் முழுமைக்கும் நிறுவனத்துக்கு உரியவை என்றும், நிறுவனம் கலைந்தால் ஓவியங்கள் என்னிடமும் நிரல்கள் அவரிடமும் திரும்பும் என்றும் எழுதினோம்.

சம்பளப் பிரிவையும் விட்டுவிடக் கூடாது. பத்திரத்தில் எழுதாவிட்டால், சட்டப்படி பங்குதாரருக்கு ஊதியம் கேட்கும் உரிமையே கிடையாது. நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி என்பதால், அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் ஊதியம் எடுத்து அவரவர் வருமானத்தில் காட்டுவது பயனுள்ளது. 2025 ஏப்ரல் முதல், பங்குதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஊதியமோ வட்டியோ கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும், அதற்கு நிறுவனம் டான் எண் (வரி பிடிப்போருக்கான கணக்கு எண்) வாங்க வேண்டும்.

வீட்டில் பேசவே மனம் வராத பிரிவு மரணம் பற்றியது. இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் கூட்டாண்மை முடிந்துவிடும். எஞ்சியிருப்பவர் அதே பெயரில் தனியாகத் தொழிலைத் தொடரலாம் என்றும், மற்றவரின் பங்கைக் கணக்கிட்டு எங்கள் மகள் பெயரில் வைக்க வேண்டும் என்றும் இரவு வெகுநேரம் பேசி முடிவெடுத்தோம்.

கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு பெறாத நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர்மீது ஒப்பந்தத்தைக் காட்டி உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது. எங்களைப் போன்ற சேவைத் தொழிலுக்கு இது ஒன்றே போதுமான காரணம். நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் இடம், பங்குதாரர்களின் பெயரும் நிரந்தர முகவரியும், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, நிறுவனத்தின் காலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிவுத்துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பித்தோம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் வலுத்துப் பெய்யும் ஐப்பசி மாதம் அது. மின்சாரம் போய்ப் போய் வந்ததால் விடியற்காலையில் எழுந்து ஆவணங்களைப் பதிவேற்றினோம்; உதகைக்குச் செல்ல வேண்டியிருந்த அன்று கட்டபெட்டு வழியில் பனிமூட்டத்தில் பேருந்து ஊர்ந்தே போனது.

தடை வந்தது என் பெயரில். ஆதாரில் தந்தையின் முதலெழுத்தும் பான் அட்டையில் கணவரின் பெயரும் இருந்தன. பான் அட்டையைத் திருத்தி வாங்கிய பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. பெண்கள் பத்திரம் எழுதுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்ததால், அவரிடம் சம்மதக் கடிதமும் வாங்கிக் கொடுத்தோம்.

மற்றவை விரைவாக முடிந்தன. நான்காவது எழுத்து 'எஃப்' என்றிருக்கும் பான் எண் நிறுவனத்துக்குக் கிடைத்தது. இருவரில் எவரும் இயக்கும்படி நடப்புக் கணக்குத் தொடங்கினோம். சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு பான் எண்ணோடு பிணைந்தது என்பதால் புதிதாகவே எடுத்தோம். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாததால் ஜி.எஸ்.டி. இப்போதைக்குத் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினோம். அப்போதே, கணவர் பெயரில் இருந்த அவர்களுடைய டொமைன்களை அவரவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தோம்.

இனித் தொழில் நடக்கும் இடத்தையோ எங்கள் நிரந்தர முகவரியையோ மாற்றினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டு ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிவதால், அதற்கான படிவத்தையும் பத்திர நகலையும் சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம்.