ஸ்பாம் பெட்டியில் கிடந்த என் இரண்டு வருட சர்வீஸ்

நேற்று நைட் டூட்டியில் இருக்கும்போது மெயில் வந்தது. டேட்டாஃப்ளோ ரிப்போர்ட், பாசிட்டிவ். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்க்கும் நிறுவனம் அது. என்னுடையது சரி என்று சொல்லிவிட்டது. மருந்து அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தேன். இரண்டு மாதம் முன்பே வந்திருக்க வேண்டியது. சேலத்தில் கடைசி வருஷம் நர்சிங் படிக்கும் தங்கைகளில் பாதிப் பேருக்கு வெளிநாட்டு நினைப்பு இருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஏற்காடு பக்கம். பி.எஸ்சி. முடித்துவிட்டு சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் ஐ.சி.யூ. பார்த்தேன். கைக்கு வந்தது 14,000. அதில் படிப்புக் கடன் தவணை 6,000. சவுதி என்று முடிவு செய்ய வேறு காரணம் தேவைப்படவில்லை.

முதலில் ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கேட்டார். அம்மா தோட்டைக் கழற்றிவிட்டார். ஒரு சீனியர் அக்காதான் தடுத்தார். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு வரை ஒரு தொந்தரவும் இல்லை.

டேட்டாஃப்ளோவில்தான் மாட்டினேன். நாம் கொடுத்த அனுபவச் சான்றிதழ் உண்மையா என்று வேலை பார்த்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். பதில் போகாவிட்டால் “சரிபார்க்க இயலவில்லை” என்று ரிப்போர்ட் வந்துவிடும். எனக்கு அதுதான் வந்தது.

பழைய மருத்துவமனைக்குப் போன் செய்தால், “அந்த மாதிரி மெயில் எதுவும் வரலம்மா” என்று வைத்துவிட்டார்கள். சரி, நேரில் போவோம் என்று, இப்போது வேலை பார்க்கும் இடத்தில் நைட் டூட்டி முடித்த கையோடு ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறினேன். தூக்கமில்லாமல் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனால், ஆபீஸ் பூட்டு. முதல் நாள் ஆடிப்பெருக்கு. மேட்டூர் போனவர் திரும்பவில்லை என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

இரண்டாம் முறை ஆள் இருந்தார். “எல்லாரும் இப்படியே கிளம்பிட்டா இங்க வார்டை யாரும்மா பாக்கறது?” என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டியது என்னிடம் இல்லை. ஒரு நர்ஸுக்கு எட்டு ஐ.சி.யூ. பெட் கொடுத்தபோது அதை யாரும் கேட்கவில்லை. அன்றும் வெறுங்கையோடுதான் மலையேறினேன்.

மூன்றாம் முறை நேராக நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேடத்திடம் போனேன். அவர் ஒன்றுமே பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, “ஸ்பாமைத் திறங்க சார்” என்றார். இரண்டு மெயில், இரண்டும் திறக்காமலே கிடந்தன. அங்கேயே உட்கார வைத்து பதில் அனுப்பச் சொன்னார். மறுபடி சரிபார்க்க நான் இன்னொரு முறை பணம் கட்ட வேண்டியிருந்தது. அது போனது போனதுதான்.

தங்கைகளே, வேலையை விடும்போதே சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரிபார்ப்பு மெயில் எந்த முகவரிக்கு வரும், யார் பதில் போடுவார் என்று கேட்டு எழுதி வையுங்கள். டேட்டாஃப்ளோவுக்குப் பணம் கட்டிய அன்றே அவருக்கு ஒரு போன் போட்டு ஸ்பாமையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது புரோமெட்ரிக், சவுதியில் நர்ஸ் வேலைக்கு எழுத வேண்டிய தகுதித் தேர்வு. இன்று ராத்திரியும் டூட்டி, அதனால் புத்தகத்தை வார்டுக்கே எடுத்துப் போகிறேன்.