29ஆம் பிரிவும் எங்கள் சேரும்

எங்கள் அரசறிவியல் ஆசிரியர், நாங்கள் "சேர்" என்றே அழைத்தவர், காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் ரொறொன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பலர் எழுதியது ஒன்றையேதான்: "29(2)". நமக்கு விளக்கம் தேவையில்லை.

1971, 72இல் உயர்தர வகுப்பில் இருந்தவர்களுக்கு அது மனப்பாடம். இலங்கையின் சோல்பரி யாப்பு (அரசியலமைப்பு) என்று நாம் படித்தது 1946இல் பிரித்தானிய மன்னரின் பெயரால் வந்த கட்டளை. பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம். ஆனால் யாப்பின் 29(2)இன்படி மத வழிபாட்டைத் தடுக்கக்கூடாது. மற்றவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டை ஒரு சமூகத்தின்மேல் போடக்கூடாது. மற்றவர்களுக்கு இல்லாத சலுகையை ஒரு சமூகத்துக்குக் கொடுக்கவும் கூடாது. மத அமைப்பொன்றின் யாப்பை அதன் நிர்வாகம் சம்மதியாமல் மாற்றக்கூடாது. மீறினால் மீறிய அளவுக்குச் சட்டம் செல்லாது. "நீர் எழும்பும். மூன்றாவது என்ன?" என்று பின்வாங்கில் இருப்பவரைத்தான் சேர் கேட்பார்.

அதற்கு முந்திய டொனமூர் யாப்பை ஒரு கிழமையில் முடித்துவிட்டார். 1931இன் சர்வசன வாக்குரிமை, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் தேர்தல் பகிஷ்கரிப்பு, வடக்கில் வெறுமையாகக் கிடந்த 4 ஆசனங்கள் எல்லாம் ஓட்டமாகப் போயின. 29க்கு வந்ததும் நின்றார். ஒரு தவணை முழுக்க நின்றார்.

அந்தப் பிரிவு எங்கே தாங்கியது, எங்கே தாங்கவில்லை என்பதுதான் அவருடைய பாடம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் வாக்குரிமை வழக்கு அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (Privy Council) வரை போய் 1953இல் தோற்றது. அதே கழகம் 1964இல் ரணசிங்க வழக்கில், இந்த ஏற்பாடுகளை அடிப்படையாக வைத்துத்தான் இலங்கை மக்கள் தமக்குள் யாப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்றது. அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது சேரின் குரல் மாறிவிடும்.

பிறகு கோடீஸ்வரன். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை இல்லையென்று சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்கு வழக்குப் போடமுடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. போடலாம் என்று 1969 டிசம்பரில் சொன்ன கோமறைக் கழகம், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956இன் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணா என்பதைத் தீர்க்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரமுன்னர் 1972 மே 22 வந்துவிட்டது. புதிய குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை. கோமறைக் கழகத்துக்குப் போகும் வழியை 1971லேயே அடைத்திருந்தார்கள்.

அதன் பிறகும் சேர் அதைப் படிப்பித்தார். "போன யாப்பு எங்களுக்கு ஏன் சேர்?" என்று ஒருவன் கேட்டான். "தம்பி, கோடீஸ்வரனுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை" என்றார். வழக்குப் பேசியவர்களைவிட, எழுதுமேசையில் இருந்துகொண்டு இதை விடமாட்டேன் என்று நின்ற அந்த மனிதரையே அவர் பெரிதாக மதித்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் சட்டம் படித்தது சேர் போட்ட விதையால். லண்டனில் அனுமதி கிடைத்ததும் அவருக்குத்தான் முதலில் எழுதினேன். மகிழ்ந்து பதில் போட்டார். படிப்பு முடிய எப்போது திரும்புவீர் என்றும் கேட்டிருந்தார். பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த தரப்படுத்தலின் காலம் அது. பிறகு 83 யூலை இனக்கலவரம். திரும்பவில்லை. எங்கள் வகுப்பில் ஊரிலேயே ஆசிரியராக நின்றவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. சேர் யுத்தக் காலம் முழுக்க அங்கேயே இருந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு லண்டன் கியூவிலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் இலங்கைக் கோப்புகளை வாசிக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் சேரிடம் கேட்க ஏதாவது இருக்கிறது. அவர் பெயரில் ஒரு பரிசு வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு. நல்லது, என் பங்கைத் தருகிறேன். ஆனால் பணத்தோடு விடவேண்டாம். எங்களில் இரண்டு மூன்று பேர் போய் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு தவணையாவது இதைப் படிப்பிக்க அதிபர் சம்மதித்தால், வருகிற தை மாதமே நான் ஆயத்தம்.