கட்டைவிரல் காட்டிய கணக்கு

குன்னூரில் ஒரு சின்ன மனநலக் கிளினிக்கில் டி.எம்.எஸ். மெஷினைக் கவனித்துக்கொள்வது என் வேலை. மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்குத் தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் மெஷின் அது. ‘ஷாக் வைக்கிற இடம்’ என்றுதான் ஆட்டோக்காரர்கள் வழி சொல்கிறார்கள். மயக்கம் கொடுத்து வலிப்பு வரவைக்கும் அந்தச் சிகிச்சை வேறு. இங்கே நோயாளி விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தலையை ஒட்டி வைக்கும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் சட்டென்று பாய்ந்து அடங்கும். அதில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, மூளையின் மேற்பட்டையில் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டும். ஃபாரடே 1831இல் கண்ட அதே விதி. 1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டியபோதும் அசைந்தது கைத்தசைதான்.

எங்களுக்கும் முதல் சோதனை கைதான். இடப்பக்க மண்டையில் வலது கட்டைவிரலுக்கான இடத்தைத் தேடிப்பிடித்து, பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது விரல் அசைகிற குறைந்தபட்ச அளவைக் குறிப்போம். அதற்குப் பெயர் த்ரெஷோல்ட். இடது முன்நெற்றிப் பக்கம் கொடுக்கும் சிகிச்சைக்கு அதில் 120 சதவீதம்.

போன டிசம்பரில் ஓர் அம்மா வந்தார். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை. ‘டக்’ என்றதும் கட்டைவிரல் துள்ளி ஆள்காட்டி விரலைத் தொட்டது. “நான் கிள்ளல தம்பி, அதுவா கிள்ளுது” என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

த்ரெஷோல்ட் மெஷின் அளவில் 38 என்று குறித்தேன். மறுநாள் சந்தேகத்துக்கு மறுபடி பார்த்தால் 51. அதே இடம், அதே காயில். மெஷினைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம்தான் நினைவு வந்தது: முதல் நாள் காலை உறைபனி, அவர் சால்வை முனையைக் கொத்தாக இறுக்கிப் பிடித்திருந்தார். தசை இறுகியிருந்தால் மேற்பட்டையில் கைக்கான இடமும் தண்டுவடமும் ஏற்கெனவே பாதி விழித்திருக்கும். லேசாகத் தட்டினாலே விரல் அசைந்துவிடும். நான் குறித்தது ஓய்வில் இருந்த கையின் கணக்கே இல்லை. முதல் நாள் சிகிச்சை குறைந்த அளவிலேயே போய்விட்டது. டாக்டரிடம் சொன்னேன். “சரி, கடைசியில ஒரு நாள் கூட்டிக்கலாம்” என்றார்.

விநாடிக்குப் பத்துத் துடிப்பு கொடுத்தால் அந்த இடம் கிளர்ந்தெழும், ஒன்று கொடுத்தால் அடங்கும் என்று பயிற்சியில் எழுதிக்கொண்டது. பொதுவாகச் சரிதான். ஆனால் ஆளுக்கு ஆள் மாறுகிறது. துடிப்பு போய்ச் சேரும் நேரத்தில் அந்த இடம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் கணக்கில் சேர்கிறது.

இப்போதெல்லாம் வெந்நீர்ப் பையை மடியில் கொடுத்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் காயிலை எடுக்கிறேன். அடுத்த வாரம் அந்த அம்மா உட்கார்ந்ததுமே கையை மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

“இப்ப சும்மாதான் கெடக்கு. அளந்துக்க தம்பி.”