ஒரு பருத்தித் துணியும் வியன்னா அறிக்கையும்

அணுப்பொருள் ஆயுதத்துக்குத் திருப்பப்படுகிறதா என்று கண்காணிக்கும், வியன்னாவில் தலைமையகம் கொண்ட சர்வதேச அணுசக்தி முகமை உளவு அமைப்பு அல்ல. ஒற்றர்கள் கிடையாது. உறுப்பு நாடு தன் அணுப்பொருள் பற்றித் தானே தரும் கணக்கு, நேரடிச் சோதனை, செயற்கைக்கோள் படங்கள், பிற நாடுகள் தரும் தகவல் இவைதான் அதன் மூலங்கள். பிற நாடுகள் தருவதை அப்படியே நம்பினால் முகமையின் பெயர்தான் கெடும். வேறு வழியில் உறுதிசெய்தே ஆக வேண்டும்.

அதற்கு நம்பகமான கருவி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பருத்தித் துணி. ஆய்வாளர் புதுக் கையுறை அணிந்து சுவர், மேசை, குழாய்களைத் துடைப்பார். துணியை ஒரு பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து மூடுவார்கள். எந்த நாட்டு மாதிரி என்பது தெரியாதபடி குறியீட்டு எண் மட்டும் இட்டுத்தான் ஆய்வகங்களுக்கு அனுப்புவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒரு யுரேனியத் துகளே செறிவூட்டல் அளவை, அதாவது அதில் யுரேனியம்-235-இன் பங்கு எவ்வளவு கூட்டப்பட்டிருக்கிறது என்பதை, காட்டிக்கொடுத்துவிடும்.

2003-இல் தெஹ்ரானில், யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களான மையவிலக்குகளுக்கான கலாயே எலக்ட்ரிக் கூடத்தில் மாதிரி எடுக்கவே ஈரான் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அதற்குள் கட்டடத்தையும் மாற்றியமைத்துவிட்டார்கள். ஆனாலும் உயர்செறிவு யுரேனியத் துகள்கள் சிக்கின! சிக்கல் அங்கேதான் தொடங்கியது: துகள் இருப்பதைத் துணி சொல்லும், அதைச் செய்தவர் யாரென்று சொல்லாது. வெளிநாட்டு உதிரிபாகங்களில் ஒட்டி வந்தது என்றது ஈரான். அந்த பாகங்களின் மூலமான பாகிஸ்தானிலிருந்து பழைய மையவிலக்கு பாகங்களை வாங்கி ஒப்பிட்ட பிறகு, 2005-இல் அந்த விளக்கம் பெருமளவு பொருந்துவதாக முகமை சொன்னது.

முடிவுகள் முகமையின் தலைமை இயக்குநரின் அறிக்கையாக, 35 நாடுகள் கொண்ட அதன் ஆளுநர் குழுவுக்குப் போகும். பொதுவெளிக்கு அல்ல என்று முத்திரை இருக்கும். செய்தி நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும்.