பூஜ்யம் என்று எழுதிய கட்டம்

சாம்பல் அணிலின் புழு செவ்வணிலுக்குத் தாவுகிறதா என்று பார்க்க, இறந்த அணில்களின் குடலைக் கழுவிப் புழுக்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தச் செவ்வணிலின் முன்சிறுகுடலைக் கழுவிய நீரில் இரண்டு புழுக்கள் இருந்தன. தலைமுடியைவிட மெல்லியவை. உணவுக்குழல் உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு நேராக ஓடியது. செவ்வணிலின் சொந்தக் கீரிப்பூச்சி இப்படி இருக்காது. அதன் உணவுக்குழல் முடியும் இடத்தில் உருண்டையான குமிழ் உண்டு, பெண்ணின் வால் ஊசியாக நீளும், இருப்பிடமும் குருட்டுக்குடலும் பெருங்குடலும்தான். ஆக, கண்ணாடித் தகட்டில் கிடந்தது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ரொபஸ்டஸ். சாம்பல் அணிலோடு அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்கு வந்த உருளைப்புழு.

“இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காலையில் இதே சல்லடையில்தானே சாம்பல் அணிலின் குடலைக் கழுவினோம்” என்றார் மூத்தவர். பதிவேட்டில் 0 என்று எழுதியது என் கைதான்.

(நம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற மலை அணிலை நினைக்க வேண்டாம். இது வேறு இனம். 1948இல் டூரின் அருகே ஸ்டுப்பினிஜியில் விட்ட நான்கு அணில்களிலிருந்து பெருகியது.)

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இவ்வளவு மெல்லிய புழு சல்லடைக் கம்பிகளில் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் போகாது. சல்லடையைக் கவிழ்த்து, பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்து, வெந்நீரில் முக்கி, வெறும் சல்லடையை லென்ஸின் கீழ் ஒருமுறை பார்த்த பிறகே அடுத்த குடலைத் தொட வேண்டும். அன்று குழாய்த் தண்ணீர் மட்டும்தான் பட்டது. ஆல்ப்ஸ் பகுதிச் செவ்வணிலின் குடலில் பெரும்பாலும் கிடைப்பது அந்த ஒரே கீரிப்பூச்சி. அங்கே புதிய புழு என்று எழுதுவது சின்ன விஷயமல்ல.

ஆனால் புழு தாவுவதன் ஆரம்பம் எப்படித் தெரியும்? இப்படித்தான், ஒன்றிரண்டாக. இந்தப் புழுவின் முட்டை புழுக்கையோடு வெளியேறி, மண்ணில் குஞ்சு பொரித்து, அந்த இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரண்டு அணில்களும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம், ஒரே மரத்தடியில் கொட்டை புதைத்தால் போதும். சாம்பல் அணில் வாழும் காடுகளில் செவ்வணிலுக்கும் இந்தப் புழு வந்திருப்பதும், தொற்றிய செவ்வணில்களின் சுறுசுறுப்பு குறைவதும் ஆய்வுகளில் வெளியாகியிருக்கின்றன. ஆனால் அதனால் நம் மேசையில் கிடந்த இரண்டும் உண்மையானவை என்று ஆகிவிடாது. ஊரில் திருடன் இருக்கிறான் என்பதற்காக நம் வீட்டில் காணாமல் போனதெல்லாம் திருட்டாகிவிடுமா?

சந்தேகத்தைத் தீர்க்க வழி இருந்தது. பெருங்குடலில் தங்கிய புழுக்கையை எடுத்திருக்கலாம். 2 கிராம் புழுக்கைக்கு முட்டையை மிதக்கவைக்கும் 28 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசல், முட்டை எண்ணுவதற்கென்றே உள்ள மெக்மாஸ்டர் தகட்டின் இரண்டு அறைகள், எண்ணும் ஒவ்வொரு முட்டைக்கும் கிராமுக்கு 50 முட்டை என்று கணக்கு. உள்ளே புழு வளர்ந்த முட்டை ஒன்று தெரிந்தாலே போதும், அது சல்லடையிலிருந்து வந்திருக்க முடியாது. ஆனால் குடலின் எல்லாப் பகுதியையும் முன்பே வெட்டிக் கழுவியாகிவிட்டது. புழுக்கை கிடைத்திருந்தாலும் ஓர் அணிலிடம் 2 கிராம் தேறுவது அரிது. இரண்டே புழுக்கள் இடும் முட்டை அந்த எண்ணிக்கைக்குள் சிக்காமலே போகலாம். அணிலின் உடலை உறைய வைத்து உருக்கியதில் மெல்லிய ஓட்டு முட்டைகள் சிதைவதும் உண்டு. இதைச் சொல்லித்தான் மனதைச் சமாதானப்படுத்துகிறேன்.

குடலின் உட்சவ்வைச் சுரண்டியிருந்தால்? அந்தச் சமாதானம் இங்கே உடைகிறது. இந்தப் புழுவின் பெண் குடலுக்குள் சும்மா மிதப்பதில்லை, உட்சவ்வில் புதைந்து கிடக்கும். தகட்டின் விளிம்பால் சவ்வைச் சுரண்டி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்திப் பார்த்தால், திசுவுக்குள் கிடக்கும் புழுவைச் சல்லடையின் தலையில் கட்ட முடியாது. பத்து நிமிட வேலை. அது நினைவுக்கு வந்தபோது குடல் கழிவுப் பைக்குப் போய்விட்டது.

இப்போது சிவப்பு நாடா சுற்றிய சல்லடை செவ்வணிலுக்கு, நீல நாடா சாம்பல் அணிலுக்கு. செவ்வணிலை முதலில் முடிக்கிறோம். குடலைத் திறக்கும் முன் பெருங்குடலின் இரு முனையையும் நூலால் கட்டிவிடுகிறோம். இதெல்லாம் அந்த 0-ஐத் தொடவில்லை. 0 என்றால் ‘பார்த்தோம், இல்லை’ என்று பொருள். நாங்கள் பார்த்தோம், இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டிருக்க வேண்டும் என்றுதான் பல நாள் தோன்றுகிறது. ஆனால் ஒன்றிரண்டு புழு கிடைத்த ஒவ்வொரு அணிலையும் வெறுமையாக விட்டால், தொற்றின் தொடக்க நிலைதான் அட்டவணையிலிருந்து மொத்தமாகக் காணாமல் போகும். அதுவும் பொய்க் கணக்குதான்.

இரண்டு புழுக்களும் 70 சதவீத ஆல்கஹாலில், அந்த அணிலின் எண் ஒட்டிய குப்பியில் இருக்கின்றன. ஃபார்மலினில் போடாததால் டிஎன்ஏ கெட்டிருக்காது. எந்த இனம் என்று அது உறுதியாகச் சொல்லிவிடும். எந்த அணிலின் குடலில் வாழ்ந்தது என்று சொல்லாது.