ஒட்டுக்கு மேலே முளைத்த வேர்

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள், பாஸ்பேட் அளக்கும் கண்ணாடிச் சாமான்களைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்று. தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். மூன்றாவது வாரம், செடிச் சாறே ஊற்றாத வெற்றுக் குழாய் என் கண்முன்னே நீலமாகிக்கொண்டு வந்தது. அமிலத்தில் கரைத்த மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் பாஸ்பேட்டோடு சேர்ந்தால் நீலம் வரும். பாஸ்பேட் எவ்வளவோ நீலமும் அவ்வளவு. சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட் குழாயின் உட்சுவரில் துளி ஒட்டியிருந்ததே போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் என் சாமான்களை நானே நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டுத் தனி அலமாரியில் பூட்டினேன். கஞ்சப்பிசினாரி என்று பெயரும் வாங்கினேன்.

நான் வேலை செய்தது அரபிடாப்சிஸில். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி, பார்த்தால் களை என்று பிடுங்கிப் போட்டுவிடுவீர்கள். வேர் எடுக்கும் பாஸ்பேட் எப்படி இலைக்கு ஏறுகிறது, 'போதும்' என்று யார் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டெல்டாவில் மணிச்சத்து என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான்; பாஸ்பேட்டில் இருப்பது அந்தச் சத்துதான். மூட்டை மூட்டையாக டிஏபி என்ற பாஸ்பேட் உரம் போட்டாலும் அதிலுள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதி மண்ணிலுள்ள சுண்ணாம்பு, இரும்பு, அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும், மண்நீரில் மிஞ்சுவது மிகச் சொற்பம் என்பது மட்டும் இங்கே வந்துதான் தெரிந்தது. மண்நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்கும் கீழே. செல்லுக்குள்ளேயோ மில்லிமோல் கணக்கு, அதாவது ஆயிரக்கணக்கான மைக்ரோமோல். ஆயிரம் மடங்கு மேட்டில் வேர் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி. அதற்குச் செலவு உண்டு, காவலும் உண்டு.

வேருக்குள் வந்தால் மட்டும் போதாது. வேரின் நடுத்தண்டிலுள்ள செல்கள் பாஸ்பேட்டை வெளியே தள்ளி, தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாயான சைலத்தில் ஏற்றினால்தான் அது மேலே போகும். 1991-இல் இவ் புவாரியே என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு செடியாக இலையில் பாஸ்பேட் அளந்து, இந்த ஏற்றும் வேலை கெட்டுப்போன ஒரு செடியைக் கண்டுபிடித்தார்கள். வேர் வழக்கம்போல உறிஞ்சும், இலை மட்டும் பட்டினி கிடக்கும். ஃபோ1 என்று பெயர். அதற்கு நேர் எதிர் ஃபோ2. இலையில் பாஸ்பேட் அளவுமீறிக் குவிந்து முதிர்ந்த இலைகளின் நுனி கருகும். ஒன்றுக்குப் பசி, மற்றதற்கு அஜீரணம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன்.

எனக்குக் கொடுத்த வேலை ஒட்டுக்கட்டுவது. ஃபோ2 வேரின் மேல் சாதாரணச் செடியின் தலை, சாதாரண வேரின் மேல் ஃபோ2 தலை. கோளாறு எந்தப் பக்கம் என்று இதில் தெரிந்துவிடும். ஒட்டுமாங்கன்று பார்த்து வளர்ந்த தைரியத்தில் சரி என்றேன். ஐந்து நாள் நாற்றின் தண்டு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே பிளேடால் ஒரே வெட்டு, பிறகு இரண்டு துண்டையும் அகார் மேல் முனையோடு முனை தள்ளிச் சேர்க்க வேண்டும். மூச்சுப் பட்டால் கூட நகர்ந்துவிடும். முதல் நாற்பதில் பதினொன்று பிழைத்தன.

அந்தப் பதினொன்றை வளர்த்து இலையில் பாஸ்பேட் அளந்தேன். 2006-லேயே வெளிவந்த ஆய்வு சொல்லிவைத்திருந்தது தெளிவு: வேர் ஃபோ2 ஆக இருந்தால் போதும், தலை எதுவானாலும் இலையில் குவியும். என்னுடையதில் ஃபோ2 வேர் வைத்தவற்றிலேயே பாதியில் குவியவில்லை. வெளிவந்த முடிவே தப்போ என்று இரண்டு நாள் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். பக்கத்து மேசையிலிருந்த அக்கா செடியைப் பிடுங்கி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்த வேர் எங்கேருந்து வருதுன்னு பாத்தியா?"

ஒட்டுக்கு மேலேயிருந்து வந்தது. வெட்டுப்பட்ட தலை தனக்கென்று புதுவேர் விட்டு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. நான் கட்டிக்கொடுத்த ஃபோ2 வேர் கீழே பெயருக்கு இருக்க, செடி தன் சொந்த வேரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தடவை எழுதிய எண்கள் எல்லாவற்றையும் அடித்தேன். அதற்குப் பிறகு ஒட்டுக்கட்டிய நாள்முதல் தினம் ஒரு முறை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மேலே முளைத்த வேரைக் கிள்ளுவதே காலை வேலை. மூன்றாம் சுற்றில், ஃபோ2 வேரில் நின்ற சாதாரணத் தலைகளின் சாறெல்லாம் அடர்நீலமாக வந்தது.

வேர்தான் முடிவெடுக்கிறது என்று அத்தோடு விட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் வேரிடம் சொல்வது இலை. இலையில் பாஸ்பேட் குறைந்தால் 399 என்ற எண்ணிட்ட மைக்ரோஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) பெருகி, இலையின் சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாயான புளோயம் வழியாக வேருக்கு இறங்குகிறது. 2008-இல் இதையும் ஒட்டுக்கட்டித்தான் காட்டினார்கள். ஃபோ2 செடியில் கெட்டுப்போன மரபணுவின் பெயரும் ஃபோ2தான்; அதன் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏவை இந்தத் தூது வெட்டி அடக்கும். ஃபோ2 புரதத்தின் வேலையே உறிஞ்சும் புரதங்களையும் ஏற்றிவிடும் ஃபோ1-ஐயும் அழிவுக்கு அனுப்புவது. அது அடங்கியதும் அவை தப்பிக்கும், வேர் கூடுதலாக எடுக்கும். இலை நிறைந்தால் தூது குறையும், ஃபோ2 மறுபடி தலைதூக்கும்.

தை மாதம் ஊருக்குப் போனபோது நெல் தரிசு உளுந்து பூத்திருந்தது. அப்பா டிஏபியை ராத்திரியே வாளியில் ஊறவைத்திருந்தார்; காலையில் பழைய வேட்டித் துணியில் வடித்துத் தெளிந்த நீரை எடுத்தார், இரண்டு சதம் தெளிப்புக்கு. புளோயம், தூது என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்து, அப்பா ஒரு கேள்வி போட்டார்.

"இலையில தெளிச்சா, மேல நிறைஞ்சிடுச்சுன்னு வேர் சும்மா இருந்திடாதா?"

"பூமி காயுதுல்லப்பா. மணிச்சத்து ஈரத்துல ஊர்ந்துதான் வேர்கிட்ட வரணும். ஈரம் போனா வேர் முழிச்சிருந்தும் என்ன கிடைக்கும்?"

"அதத்தான் நாங்க வாளியில கரைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, தெளிப்பானை முதுகில் ஏற்றிவிடச் சொன்னார்.